ஜாமீன் கிடைத்த பிறகும் சிறையா?

ஜாமீன் உத்தரவு வக்கீலின் பையில் இருக்கிறது. ஆள் சிறைக்குள் இருக்கிறான். இந்தக் கூத்தைப் பம்பாய்த் தமிழர்களாகிய நாம் எத்தனை தடவை பார்த்துவிட்டோம்! ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அது அந்தக் குடும்பத்தின் தலையெழுத்து என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தலையெழுத்து அல்ல தோழர்களே, அது கோர்ட்டின் எழுத்து. ஆகவேதான் இந்த மாதம் அதைப் பற்றி எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு நமது பகுதியில் நடந்தது இது. நாங்குநேரிப் பக்கத்து இளைஞன் ஒருவன், வயது 22, தோல் பட்டறையில் பை தைக்கிறவன். பட்டறையில் இரண்டு செல்போன் காணாமல் போயிற்று. முதலாளி புகார் கொடுத்தார். போலீஸ் இவனைக் கொண்டுபோயிற்று. ஒன்பதாம் நாள் மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுத்தார். 15,000 ரூபாய்க்கு ஒரு ஜாமீன்தார் வேண்டும் என்பது நிபந்தனை. ஊரிலிருந்து ரயிலேறி வந்திருந்த தாயார், பிள்ளை நாளை வந்துவிடுவான் என்று கோவிலில் தேங்காய் உடைத்தார். பிள்ளை வந்தது 52 நாள் கழித்து!

ஏன் இந்த 52 நாள்? பையனின் தாய்மாமன் நிலப் பத்திரமும் வீட்டுத் தீர்வை ரசீதும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஒன்றரை ஏக்கர், ஓட்டு வீடு, எல்லாம் சுத்தமான சொத்து. கோர்ட் மேசையில் இருந்தவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்திரம் தமிழில் இருக்கிறது, சொத்து திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது, இங்கே செல்லாது என்றார். லோக்கல் ஜாமீன்தார் வேண்டும். அவர் பெயரில் ரேஷன் கார்டு வேண்டும், வீட்டு ரசீது வேண்டும், சம்பளச் சீட்டு வேண்டும், கேட்டால் தாசில்தாரின் சால்வன்சி சர்டிபிகேட்டும் வேண்டும். தாராவியிலும் லேபர் கேம்ப்பிலும் ஆண்டாப் ஹில்லிலும் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராகப் படுத்திருக்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு வீட்டு ரசீது சொந்தப் பெயரில் இருக்கிறது? இட்லி வியாபாரம் செய்கிறவருக்கு யார் சம்பளச் சீட்டு கொடுப்பார்?

சம்பளச் சீட்டு உள்ளவர்கள் ரயில்வேயிலும் மாநகராட்சியிலும் இருக்கும் ஒரு சிலர். எங்களில் ரயில்வே குமாஸ்தாக்களாக இருக்கும் இரண்டு மூன்று பேரின் சீட்டுகள்தான் இந்த வட்டாரத்துக்கே சிறைக் கதவின் சாவி. அந்தச் சமயம் பார்த்து அவை வேறு வழக்குகளில் மாட்டிக்கொண்டிருந்தன. இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறாய் என்று ஜாமீன்தார் கோர்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது நியாயந்தான். ஆனால் மூன்றாவது பெயரைச் சொன்னதும் அங்கே புருவம் உயர்கிறது. ஆபீசுக்கு வந்தால் மேலதிகாரி, "உமக்கு ஏனய்யா இந்த ஊர் வம்பு?" என்கிறார்.

கோர்ட் வாசலில் ஒரு ஆள் எங்களிடம் வந்தான். நாலாயிரம் கொடுத்தால் நாளைக்கே ஜாமீன்தார் தயார் என்றான். பையன் யார், என்ன குற்றம், எந்த ஊர் என்று அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேஸ் நம்பரை மட்டும் கேட்டான். நாங்கள் மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். சொன்னது சரிதானா என்று எங்களுக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. எங்கள் கொள்கைக்காக அவனல்லவா உள்ளே கிடந்தான்? கடைசியில் வக்கீல் மறுபடி மனுப் போட்டு, ஜாமீன்தாருக்குப் பதிலாக ரொக்கம் கட்ட அனுமதி வாங்கினார். தாயாரின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. பையன் வெளியே வந்தபோது பட்டறை வேலையும் போயிருந்தது, படுக்க இருந்த இடமும் போயிருந்தது.

அவன் திருடினானா? நமக்குத் தெரியாது. வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. கோர்ட்டும் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்னாலேயே 61 நாள் தண்டனை முடிந்துவிட்டது. அதைத்தான் கேட்கிறோம்.

இந்த அநியாயத்தை நாம் இன்று புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. 1978 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டுக்கு மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்து ஏழை. அவருக்கு ஜாமீன் கொடுக்கும்படி சுப்ரீம் கோர்ட்டே உத்தரவிட்டிருந்தது. ஆனால் கீழே இருந்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி முறையில் ஒருவர் ஜாமீன் நிற்க வந்தபோது, உன் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். கொத்தனார் மறுபடி சுப்ரீம் கோர்ட் படியேறினார். நீதிபதி கிருஷ்ணய்யரும் நீதிபதி தேசாயும் விசாரித்தார்கள். கிருஷ்ணய்யர் கேரளத்தின் முதல் மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர்; அதற்கு முன் வக்கீலாக இருந்த காலத்தில் சிறைவாசத்தையும் அனுபவித்துப் பார்த்தவர். அந்தத் தீர்ப்பில் அவர் நம்மைப் பெயர் சொல்லியே கேட்டிருக்கிறார் என்பதை நம்மவர்கள் எத்தனை பேர் அறிவார்கள்? ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தாரிலோ போர்ட் பிளேயரிலோ டில்லி சாந்தினி சவுக்கிலோ கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாருக்கு எங்கே போவார் என்று கேட்டார். உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்றும் கேட்டார். இப்படிக் கேட்பது இந்தியாவின் ஒற்றுமையையே உடைக்கும் வேலை என்றார். கொத்தனாரை 1,000 ரூபாய்க்குச் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார்.

எந்தச் சட்டம் சொல்கிறது என்ற அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. ஏனென்றால் அப்படி ஒரு சட்டம் இல்லை! பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் ஜாமீன் பிரிவுகளில் ஜாமீன்தார் அதே ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. தொகை அதிகமாக இருக்கக் கூடாது என்றுதான் இருந்தது. உள்ளூர் ஜாமீன்தார் என்பது கோர்ட்டுகளின் பழக்கம். பழக்கம் சட்டத்தைவிடப் பலமாகிவிட்டது. சட்டமானால் திருத்தச் சொல்லலாம், பழக்கத்தை யாரிடம் போய்த் திருத்தச் சொல்வது?

சட்டத்தைத் திருத்துகிறோம் என்று மத்திய சர்க்கார் புறப்பட்ட கதையை இனிப் பார்ப்போம்.

2023 ஆகஸ்டில் மூன்று மசோதாக்கள் வந்தன. பழைய மூன்று சட்டங்களையும் தூக்கிவிட்டு, பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்று பெயர் வைத்தார்கள். பெயரைச் சொல்லவே நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. இந்திப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிச் சட்டம் போடுவது என்ன நியாயம் என்று பாராளுமன்றக் குழுவிலேயே தமிழ்நாட்டு உறுப்பினர்கள் எதிர்ப்பை எழுதி வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இரு சபைகளிலும் மசோதாக்கள் நிறைவேறின. அந்தக் கூட்டத் தொடரில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் சஸ்பெண்ட் செய்யப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் சட்டங்கள் அமலில் இருக்கின்றன.

வெள்ளைக்காரன் சட்டத்தை ஒழித்துவிட்டோம் என்று தம்பட்டம் அடித்தார்கள். இந்திய தண்டனைச் சட்டம் 1860-ல் வெள்ளைக்காரன் போட்டது, சரி. ஆனால் ஜாமீன் விஷயம் இருந்த குற்ற நடைமுறைச் சட்டம் 1973-ல் நம் பாராளுமன்றம் போட்டது. 484 பிரிவுகள் இருந்த அந்தச் சட்டம் இப்போது 531 பிரிவுகளாகப் பெருத்திருக்கிறது. அத்தனை பிரிவுகளில் உள்ளூர் ஜாமீன்தார் கேட்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க இடமில்லாமல் போயிற்றா? 'ஜாமீன்' என்ற சொல்லுக்குப் பழைய சட்டத்தில் விளக்கமே இல்லாதிருந்தது. புதுச் சட்டத்தில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். விளக்கம் எழுத உட்கார்ந்த பேனாவுக்கு இந்த ஒரு வரி ஏன் வரவில்லை?

2022 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், ஜாமீனுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவருவதைப் பற்றி யோசிக்கும்படி மத்திய சர்க்காரிடம் சொல்லியிருந்தது. இங்கிலாந்தில் 1976-லேயே அப்படி ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். நம் சட்டக் கமிஷனும் 2017-ல் ஜாமீன் சீர்திருத்தத்துக்கென்றே ஓர் அறிக்கை கொடுத்திருந்தது. எல்லாவற்றுக்கும் பிறகு வந்தது பெயர் மாற்றந்தான், ஜாமீன் சட்டம் வரவில்லை.

நல்லது ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. இருப்பதை இல்லை என்று சொல்வது நமக்கு அழகல்ல. 479-ஆம் பிரிவு என்று ஒன்று. முதல் தடவை குற்றஞ்சாட்டப்பட்டவர், அந்தக் குற்றத்துக்கு உள்ள அதிகபட்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் அவரை விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. சிறை அதிகாரியே கோர்ட்டுக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றும் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், புதுச் சட்டத்துக்கு முன்னால் கைதானவர்களுக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட்டது. நல்ல காரியம்.

ஆனால் நம் பையனின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. மூன்றில் ஒரு பங்கு ஓர் ஆண்டு. பத்தாம் நாள் வீட்டுக்கு வர வேண்டியவனுக்கு ஓர் ஆண்டு கழித்து வரலாம் என்பது என்ன சலுகை? இன்னொன்று. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவே கிடையாது என்று கீழே ஒரு வாலும் வைத்திருக்கிறார்கள். துப்புக் கிடைக்காத பழைய திருட்டு ஒன்றையும் சேர்த்து எழுதிவிட்டால் தீர்ந்தது. கேட்க நாதியில்லாத வெளியூர்க்காரன் தலையில் எழுதுவதுதானே சுலபம்?

மறுபக்கம் போலீசின் கை நீண்டிருக்கிறது. போலீஸ் காவல் 15 நாள் என்பது முன்பு கைதான முதல் 15 நாளுக்குள் முடிய வேண்டும் என்று இருந்தது. இப்போது குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகக் கேட்கலாம். இன்னும் காவலில் எடுக்க வேண்டியிருக்கிறது, ஆகையால் ஜாமீன் கொடுக்காதீர்கள் என்று ஒவ்வொரு வாய்தாவிலும் சொல்ல இது வழிவிடும் என்று சிவில் உரிமை இயக்கத்தார் எச்சரித்திருக்கிறார்கள். கைவிலங்கு மாட்டுவதை 1980-ல் சுப்ரீம் கோர்ட் கண்டித்தது. புதுச் சட்டம் சில வகைக் குற்றங்களுக்கு அதைப் பிரிவாகவே எழுதிக் கொடுத்துவிட்டது.

2022-ஆம் ஆண்டின் சர்க்கார் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேர் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி திரௌபதி முர்மு, சிறையில் வாடும் ஏழைகளைப் பற்றி நீதிபதிகள் கூடியிருந்த சபையிலேயே பேசினார். அதன் பிறகு சுப்ரீம் கோர்ட் கணக்குக் கேட்டது. ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் ஏறத்தாழ 5,000 பேர் உள்ளே இருப்பதாகச் சட்ட உதவி ஆணையம் சொல்லிற்று. அந்த எண்ணிக்கையில் நம் பையன்கள் எத்தனை பேரோ!

2023 ஜனவரி 31-ல் சுப்ரீம் கோர்ட் சில வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. இவற்றை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஜாமீன் உத்தரவின் நகல் அன்றே அல்லது மறுநாள் சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறை அதிகாரி மாவட்டச் சட்ட உதவி ஆணையத்தின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தார் கேட்பதும் தாமதத்துக்கு ஒரு காரணம் என்பதால் அந்த நிபந்தனையைப் போடாமலிருக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. கவனியுங்கள், 'போடாமலிருக்கலாம்'! 1978-ல் இடி முழக்கமாக வந்தது 45 ஆண்டு கழித்து யோசனையாகச் சுருங்கிவிட்டது. யோசனையைக் கீழ்க்கோர்ட்டு மேசையில் இருப்பவர் மதிப்பாரா? நாம் பார்த்த மேசையில் மதிக்கவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. வெளியூர்க்காரன் நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஏறிப் போய்விட்டால் யார் பிடித்து வருவது? நியாயமான கேள்விதான், அப்படிப் போனவர்களும் உண்டு, மறைக்க மாட்டோம். ஆனால் கோர்ட் வாசலில் நாலாயிரத்துக்குக் கையெழுத்துப் போடுகிறானே, அவனா போய்ப் பிடித்து வருவான்? அவனுக்குப் பையனின் முகமே தெரியாது. தாய்மாமனுக்கு முகம் தெரியும், வீடு தெரியும், பையன் ஓடினால் தன் ஒன்றரை ஏக்கர் போய்விடும் என்ற பயமும் உண்டு. அவரைத் தள்ளிவிட்டு வாடகை ஆளை ஏற்றுக்கொள்கிற முறைக்குப் பாதுகாப்பு என்று பெயரா? நிலப் பதிவேடுகள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்ட காலத்தில், திருநெல்வேலிப் பத்திரம் அசலா போலியா என்று பம்பாயில் பார்க்க முடியாது என்பதை யார் நம்புவது?

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. சிவில் உரிமைக்காரர்கள் என்றாலே, அவர்கள் நக்சலைட்டுக்கும் தீவிரவாதிக்கும் வக்காலத்து வாங்குகிறவர்கள், நமக்கு எதற்கு என்கிறோம். எமர்ஜென்சி காலத்தில் 1976-ல் ஜெயப்பிரகாஷ் நாராயணன் தொடங்கிய மக்கள் சிவில் உரிமைக் கழகம் இன்றும் இருக்கிறது. 1979-ல் பீகார் சிறைகளில் ஆண்டுக் கணக்கில் விசாரணையே இல்லாமல் கிடந்தவர்களுக்காக ஒரு பத்திரிகைச் செய்தியை வைத்துக்கொண்டு வக்கீல்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்களே, அந்த ஹுசைனாரா காத்தூன் வழக்கில் விடுதலையானவர்கள் யார்? நம்மைப் போல அன்றாடங்காய்ச்சிகள்தான்.

ஆந்திரத்தில் நம் ஆட்கள் பட்ட பாடு மறந்துவிட்டதா? 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வன அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டப் போன கூலிகள் இருநூறுக்கும் மேற்பட்டோரைச் சேர்த்தார்கள். 2016 ஜூலையில் திருப்பதி கோர்ட் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுவித்தது. பலருக்கு அதுவரை சிறைதான். அவர்களுக்காக அலைந்தவர்கள் சிவில் உரிமைக்காரர்களும் சில வக்கீல்களும்தான். நம் ஊர்ச் சங்கங்களில் எத்தனை சங்கம் ஒரு தீர்மானமாவது போட்டது?

ஊர்ச் சங்கம் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பையனுக்கு ஜாமீன்தார் தேடி அலைந்தபோது வசதியான நம்மவர் ஒருவரிடம் போனோம். சொந்தக் கடை, சொந்த ரசீது. "அவன் எந்த ஊர், என்ன ஆட்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். பதிலைக் கேட்டதும், "அவங்க சங்கத்திலேயே கேட்டுப் பாருங்களேன்" என்று காப்பி வரவழைத்தார். காப்பியைக் குடித்துவிட்டு வந்தோம். உள்ளூர்க்காரன் வேண்டும் என்று கேட்கிற கோர்ட்டுக்கும், நம்மாள்தானா என்று கேட்கிற இவருக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். நாட்டில் எந்த மூலையில் சொத்தோ சம்பளமோ இருந்தாலும் அவர் எந்தக் கோர்ட்டிலும் ஜாமீன் நிற்கலாம் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். ஏழு நாளில் ஜாமீன்தார் கிடைக்காவிட்டால் சொந்த ஜாமீனில் விட வேண்டும். ஜாமீனில் விடத்தக்க சிறு குற்றங்களில், ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தார் கிடைக்காதவரை ஏழை என்றே எடுத்துக்கொண்டு விட வேண்டும் என்று 2005-லிருந்தே சட்டம் இருக்கிறது. புதுச் சட்டத்திலும் 478-ஆம் பிரிவாக இருக்கிறது. அதையே மற்றச் சிறு வழக்குகளுக்கும் நீட்ட முடியாதா? இந்த வாசகத்தோடு மனு ஒன்று தயாராகியிருக்கிறது. நம் தொகுதி எம்.பி.க்கும் சட்ட மந்திரிக்கும் சட்டக் கமிஷனுக்கும் போகிறது. கையெழுத்து வேண்டும், எழுதத் தெரியாத தாய்மார்கள் கைநாட்டு வைக்கலாம்.

மனு டில்லிக்குப் போய் வருவதற்குள் நம் வீட்டில் யாரையாவது பிடித்துவிட்டால் என்ன செய்வது? கைது செய்த காரணத்தை எழுத்து மூலம், கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அதுவும் நம் பம்பாயிலிருந்து போன கார் விபத்து வழக்கு ஒன்றில். மராத்தியில் நீட்டினால் தமிழில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள். காவலில் இருப்பவர் எவரானாலும் இலவச வக்கீல் கேட்கலாம், வருமானச் சான்று வேண்டியதில்லை. சட்ட உதவிக்கு 15100 என்ற எண். ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகை கட்ட மத்திய சர்க்கார் உதவித் திட்டம் ஒன்று 2023-லிருந்து இருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் விசாரித்துப் பார்த்தோம், ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. உதவி வக்கீலிடம் அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

சங்கத்தில் ஜாமீன் நோட்டு ஒன்று திறந்திருக்கிறோம். ரயில்வே, மாநகராட்சி, துறைமுகம், பாங்கு என்று சம்பளச் சீட்டு உள்ளவர்களும், சொந்தப் பெயரில் கடை ரசீது, வீட்டு ரசீது உள்ளவர்களும் தங்கள் பெயரைப் பதிய வேண்டும். ஒருவர் ஓர் ஆண்டில் ஒரே ஓர் ஆளுக்கு நின்றால் போதும். எந்த ஊர், என்ன ஆட்கள் என்ற கேள்வி இந்த நோட்டில் கிடையாது. இதுவரை 11 பெயர் ஏறியிருக்கிறது. அதில் ஏழு பேர் ரயில்வேக்காரர்கள். ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நோட்டு சங்க அறையில் மேசை மேல் இருக்கும். வருகிறவர்கள் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டின் நகலும் ஆதார் நகலும் கொண்டு வரவும்.